ரெஜிஃபோமில 1/20 ட்ரைஸ்டார்: நடு என்ஜின் வேணுமா, வேணாமா?

படுவான்கரை_ரிப்பேர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். படுவான்கரையில, அதாவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், கொக்கட்டிச்சோலைக்கு அங்கால நம்மட ஊர். ரீவி, அம்ப், தண்ணி மோட்டர் பழுது பாக்கிற கடை வெச்சிரிக்கன். ஆறு வருசமா ரிமோட் பிளேன் செய்யிறன். எல்லாம் முன்னுக்குக் காத்தாடி சுத்துற சின்னச் சாமான்தான். இந்த முறை பெரிசாக் கை வெக்கப்போறன். லொக்ஹீட் எல்-1011 ட்ரைஸ்டார், எயார் லங்கா நிறத்தில. வெள்ளை உடம்பு, சிவப்புக் கோடு, வாலில மயில்.

நிசப் பிளேன் 54.17 மீற்றர் நீளம், செட்டை முனைக்கு முனை 47.35 மீற்றர். இருபதில ஒண்டு எண்டா எனக்கு நீளம் 2.71, செட்டை 2.37 மீற்றர். உடம்பு 30 சென்ரிமீற்றர் விட்டம், அதாவது நல்ல பெரிய சோத்துப் பானை. கடைக்குள்ள முழுசா வெக்க ஒண்ணா. மூண்டு துண்டாத்தான் செய்யவேணும்.

ஏன் ட்ரைஸ்டார் எண்டு கேப்பீங்க. 1991ல அம்மா சவூதிக்குப் போன நேரம் எனக்கு ஆறு வயசு. கட்டுநாயக்காவில மாமாட தோளில இருந்து பாத்தன். பிளேன்ட வாலுக்குள்ள பெரிய ஓட்டை ஒண்டு. அந்த ஓட்டைக்குள்ளாலதான் அம்மா உள்ளுக்குப் போனவ எண்டு கன நாள் நினைச்சிக்கிட்டிருந்தன்.

இப்ப கேள்வி. ஃபோம் எது நல்லம், ஃபேன் (கூட்டுக்குள்ள சுத்தித் தள்ளுற காத்தாடி) எத்தனை, அந்த நடு என்ஜினை என்ன செய்யிற? சொல்லுங்க.

சம்மாந்துறை_காக்கா

வணக்கம் தம்பி. முதல்ல ஃபோமுக்கு வாங்க. டெப்ரோன் எண்ட மெல்லிய ஃபோம் தாளைக் கிடந்து தேடாதீங்க, இஞ்ச கிடைக்கிறதும் இல்ல, வந்தாலும் பாதி உடைஞ்சிதான் வரும். நம்மட பக்கம் ரெஜிஃபோம் மலிஞ்சி கிடக்கு. மீன் பெட்டி!

ஆனா கணக்குப் பாருங்க. ஃபிரிட்ஜ் பொதி பண்ணி வாற வெள்ளை ரெஜிஃபோம் கன மீற்றருக்குச் சுமாரா 15 கிலோ. மீன் பெட்டி அதை விட இறுக்கம், 20 தாண்டும். கூரைக்கு அடிக்கிற நீலப் பலகை 30க்கு மேல. உங்கட உடம்பு 2 மீற்றர் சொச்சம் நீளக் குழாய், 2 சென்ரிமீற்றர் தடிப்பெண்டு வெச்சா வெள்ளையில 600 கிராம் சொச்சம், நீலத்தில ஒண்டேகால் கிலோ தாண்டும். அதனால உடம்பு வெள்ளை, மூக்கும் செட்டை ஓரமும் நீலம்.

சுடுகம்பிக்குப் பழைய ஹீற்றர் கொயிலை நீட்டி எடுத்தாக் காணும். மோட்டர்சைக்கிள் பற்றரி 12 வோல்ட்டில போடுங்க. வீட்டுக் கரண்டில நேரா மாட்டிராதீங்க, அல்லாட காவல். வெட்டக்க வாற புகையும் நஞ்சு, வளவுக்குள்ள மரத்துக்குக் கீழ வெச்சு வெட்டுங்க.

கல்முனைப்பொடியன்03

அண்ணன், ட்ரைஸ்டார் கரைச்சல் கூட. கிபிர் சண்டை ஜெட் செய்யலாமே? டெல்டாச் (முக்கோண) செட்டை, ஒரு 90 மில்லிமீற்றர் ஃபேன், தட்டைத் தாள் வெட்டி ஒட்டினா ரெண்டு கிழமையில முடிஞ்சிரும். சும்மா பறக்கும் எண்டா பறக்கும். யூரியூப்பில கிடக்கு.

ரொறன்ரோ_மீன்பாடி

மச்சான், ஊர்ப் பேரைக் கண்டோண்ண உள்ளுக்கு வந்திட்டன். நான் புளியந்தீவு, இப்ப இஞ்ச ஒரு கிளப்பில பறத்துறன். உண்மையச் சொன்னாக் கோபிக்காத. மீன் பெட்டியில 2 மீற்றர் 70 பிளேன் செய்யிற கதை கேக்க நல்லா இரிக்கும், பறக்காது. செய்யிற எண்டா காபன் குழாய், உள்ள மடங்குற சில்லு, நல்ல கண்ணாடி நார் துணி, எல்லாம் போட்டு முறையாச் செய். இல்லாட்டி அச்சில வார்த்த ஃபோம் பிளேன் ஒண்டை வாங்கிப் பறத்து.

ஃபேன் 70 மில்லிமீற்றர், சுத்துற அலகு 12, 6எஸ் (ஆறு செல் தொடரா) பற்றரி. ஒண்டுக்கு 2 கிலோவுக்கு மேல தள்ளும்.

படுவான்கரை_ரிப்பேர்

மீன்பாடி அண்ணன், உள்ள மடங்குற சில்லுச் செட்டு ஒண்டின்ட காசுக்கு இஞ்ச நான் ரெண்டு பிளேன் செய்வன். சில்லு இல்ல. கீழ வண்டில் ஒண்டு வெச்சு ஓட விடுவன், எழும்பக்க வண்டில் நிலத்தில நிண்டிரும். இறங்கக்க வயிறால இறங்கும்.

காபனும் முழுசா இல்ல. நடு இணைப்புக்கு மட்டும் 12 மில்லிமீற்றர் குழாய் ஒண்டு. மத்ததெல்லாம் கமுகஞ்சலாகை. சிரிக்காதீங்க. நல்லா முத்தின கமுகைப் பிளந்து சீவி ஒரு மீற்றர் சலாகை ஒண்டை வளைச்சுப் பாருங்க, மறுகா பேசுவம்.

கல்முனைத் தம்பி, கிபிர் வேணாம். காரணம் பிறகு சொல்றன்.

கொண்டல்காத்து

தம்பிமார், நான் 22 வருசம் வளைகுடாவில விமான நிலையத்தில தரை வேலை செய்த ஆள். ட்ரைஸ்டாருக்குக் கீழ நிண்டு வேர்வை சிந்தினவன். அதனால நடு என்ஜினைப் பத்தி நான் சொல்லட்டும்.

டிசி-10லயும் வாலில என்ஜின் இரிக்கு. அதில என்ஜின் வாலுக்கு நடுவில நேராக் கிடக்கும், காத்து நேரா உள்ளுக்குப் போய் நேரா வெளிய வரும். ட்ரைஸ்டாரில அப்பிடி இல்ல. காத்து மேல வாற வாயால உள்ளுக்குப் போய், பாம்பு மாதிரி வளைஞ்சு கீழ இறங்கி, உடம்புக் கடைசியில கிடக்கிற ஆர்பி211 என்ஜினுக்குப் போகும். நிசப் பிளேனுக்கே அந்த வளைவு பெரிய வேலை. 10 சென்ரிமீற்றர் குழாயில நீ அதைச் செய்து சின்ன ஃபேன் ஒண்டை மாட்டினா, வளைவிலேயே பாதிக் காத்துச் செத்துப்போகும். அதோட வாலில ஏத்துற ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில பதில் பாரம் வெக்கவேணும். வாயை மட்டும் குடைஞ்சு, உள்ளுக்குக் கறுப்புப் பூசி விடு. ஆருக்குத் தெரியப்போகுது?

இன்னொண்டு. ட்ரைஸ்டார்ட பின் கிடைச் செட்டை முழுசா அசையும், பின் ஓரம் மட்டும் அசையிற இல்ல. மொடலில அதைக் கொப்பி அடிக்காத. அச்சுக் கொஞ்சம் ஆடினாலும் பிளேன் போயிற்று. அதை நிலையா ஒட்டி, பின் ஓரத்தில மட்டும் பிணைச்சல் வை.

பௌதிகம்_ரீச்சர்

ஆரையம்பதியிலிருந்து எழுதுறன். பிளேன் பறத்தத் தெரியாது, கணக்குத் தெரியும். ஏ.எல். பிள்ளைகளுக்குக் குடுக்க நல்ல கேள்வியா இருந்தபடியா நேற்று ராத்திரி செய்து பாத்தன்.

நிச விமானத்தின் செட்டைப் பரப்பு 321 சதுர மீற்றர். நீளம் இருபதில ஒண்டானா பரப்பு நானூறில ஒண்டாகும். உங்களுக்கு 0.8 சதுர மீற்றர். மொத்தப் பாரம் 6.4 கிலோ, தூக்கற் குணகம் 1.1, எங்கட வெக்கையில காத்தின் அடர்த்தி 1.16 எண்டு வைச்சா, விழாமல் பறக்க ஆகக் குறைஞ்ச வேகம் செக்கனுக்கு 11 மீற்றர் வருது. மணிக்கு 40 கிலோமீற்றர். பாரம் 8 கிலோவுக்குப் போனா 45. அதனால இறங்க வரக்க 52, 53க்குக் குறையவிடாதீங்கள். வயலுக்குள்ள மோட்டர்சைக்கிள் ஓடுற வேகத்தில ஒரு சோத்துப்பானை தரைக்கு வாறதை மனசில வைச்சுக்கொள்ளுங்கோ.

பின்னால சரிஞ்ச செட்டை எண்டா முனைதான் முதல்ல தூக்கல் விசையை இழக்கும். முனையை அடியை விட ரெண்டு, மூண்டு பாகை கீழ திருப்பி ஒட்டுங்கள். சராசரி நாண் (செட்டையின்ட முன் ஓரத்திலிருந்து பின் ஓரம் வரை) 37 சென்ரிமீற்றர் அளவில வரும். ஈர்ப்பு மையம் அதின்ட முன் ஓரத்திலிருந்து 9 சென்ரிமீற்றரில நிக்கட்டும். அதுக்குப் பின்னால போகவிடவேணாம்.

ரொறன்ரோ_மீன்பாடி

ரீச்சர் கணக்குக்கு ஒரு சலாம். சரி, செய். பற்றரியைப் பத்தி ஒண்டு. ஒரு ஃபேனுக்கு ஒரு பற்றரி, தனித்தனியா வை. வயர் குறையும், கரைச்சல் இல்ல.

சம்மாந்துறை_காக்கா

அதில நான் ஒத்துக்கொள்ள மாட்டன். ரெண்டு ஃபேனும் செட்டைக்குக் கீழ, நடுவை விட்டுத் தூரம். ஒரு பற்றரி முந்திச் செத்தா ஒரு பக்க ஃபேன் நிக்கும், மத்தது இழுக்கும், பிளேன் கிறுகிக் குப்புற வரும். ரெண்டு பற்றரியையும் சமாந்தரமாச் சேர்த்து, அதிலிருந்து ரெண்டு பேருக்கும் குடுங்க. செத்தா ரெண்டும் ஒண்டாச் சாகும், பிளேன் நேரா இறங்கும்.

ரொறன்ரோ_மீன்பாடி

காக்கா, சமாந்தரத்தில ஒரு செல் பழுதானா ரெண்டு பற்றரியும் போகும். நான் கண்டிரிக்கன்.

பௌதிகம்_ரீச்சர்

ரெண்டு பேர் சொல்றதும் உண்மை. விழுறது எப்பிடி எண்டதுதான் வித்தியாசம். எனக்கெண்டா காக்கா சொன்ன மாதிரி நேரா விழுறது நல்லம்.

ஆனா பொருத்த முதல் ரெண்டையும் அளந்து பாருங்கள். ஒண்டு 25.2 வோல்ட்டில முழுசா நிண்டு, மற்றது 22ல நிண்டா வித்தியாசம் 3.2. உள்தடை ரெண்டும் வயரும் சேர்த்து 20 மில்லி ஓம் எண்டு வைச்சாலும் பொருத்தின செக்கனில 160 அம்பியர் ஒண்டிலிருந்து மற்றதுக்குப் பாயும். பிளக்கு கையிலேயே உருகும்.

படுவான்கரை_ரிப்பேர்

சமாந்தரம்தான். அளவு பாத்துத்தான் பொருத்துவன், அதுதானே என்ட தொழில். பற்றரியில இருந்து ஈஎஸ்சிக்கு (மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்துற பலகை) போற வயர் நீளம் கூடினா ஈஎஸ்சி எரியும், அதனால ஈஎஸ்சியை உடம்புக்குள்ள வெச்சு, மோட்டருக்குப் போற மூண்டு வயரையும் நீட்டிரிக்கன். போதாததுக்கு 35 வோல்ட் கப்பாசிற்றர் நாலு. கடையில கிடந்த பழைய அம்ப்ல கழட்டினது.

*(ஒண்டரை மாசத்துக்குப் பிறகு)*

படுவான்கரை_ரிப்பேர்

கொஞ்ச நாள் இஞ்சால வரல்ல. வேலை ஓடுது.

உடம்பு முடிஞ்சிற்று. களுவாஞ்சிகுடியில மீன் வாடி வெச்சிரிக்கிற ஒருத்தர் 14 பெட்டி சும்மா தந்தார், வாய் உடைஞ்சது, மூடி இல்லாதது. கடைக்காரர் ரெண்டு பேரிட்ட ஃபிரிட்ஜ் ரெஜிஃபோம். மீன் பெட்டியை மூண்டு தரம் சோப் போட்டுக் கழுவி, தேசிக்காய் தேய்ச்சு, நாலு நாள் வெயிலில போட்டன். மணம் போயிற்று எண்டுதான் நினைச்சன். ராத்திரி கடையைப் பூட்டிற்றுப் போய்க் காலையில துறந்தா, பக்கத்து வீட்டுப் பூனை ரெண்டு உடம்புக்கு மேல ஏறிப் படுத்திரிக்கு. ஒண்டு மூக்கை நக்கிக்கிட்டிரிக்கு. விமானி இருக்கிற ஜன்னல் பக்கம் நகக் கீறல் ஆறு. இப்ப ஒவ்வொரு ராவும் நுளம்பு வலையால மூடிற்றுத்தான் போறன்.

ஒட்டு விசயத்தில ஒரு பாடு பட்டன். வால் அடியில அவசரத்துக்குச் சுப்பர் குளூ ஒரு சொட்டு விட்டன். வெள்ளை ரெஜிஃபோம் ஐஸ் மாதிரிக் கரைஞ்சு பெருவிரல் போற அளவு குழி. பெயின்ற் ஸ்ப்ரேயும் அப்பிடித்தான், தின்னர் பட்டாத் தின்னும். மறுகா முழுக்கப் பொலியூரித்தேன் பசைதான், தண்ணி கொஞ்சம் தெளிச்சா நுரைச்சு இடைவெளியை அடைச்சிரும். மேலுக்குப் பழுப்புத் தாளை வெள்ளைப் பசை தண்ணியில கரைச்சு ஒட்டி, அதுக்கு மேல எமல்சன். உருளையாலதான் பூசினன், பிறஸ்ஸால பூசினா பாரம் கூடுது. அனுபவத்தில சொல்றன், 80 கிராம் வித்தியாசம்.

செட்டைச் சோதனை: தலைகீழாக் கவுட்டு, நடுவை ரெண்டு கதிரையில தாங்கி, பக்கத்துக்கு 5 கிலோ அரிசிப் பை ரெண்டு. மொத்தம் 20 கிலோ. கமுகஞ்சலாகை முனங்கிச்சி, உடையல்ல. முனை 6 சென்ரிமீற்றர் வளைஞ்சு, பையை எடுத்தோண்ண பழையபடி வந்திற்று.

பௌதிகம்_ரீச்சர்

20 கிலோ எண்டா உங்கட பிளேனின்ட பாரத்தில மூண்டு மடங்கு. நல்லம். பை ரெண்டையும் முனையிலயா வைச்சீங்கள்? தூக்கல் விசை அடிப்பக்கம்தான் கூட. முனையில வைச்சு உடையல்ல எண்டா இன்னும் நல்லம்.

ரொறன்ரோ_மீன்பாடி

மச்சான், கமுகைப் பத்திச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்றன். ஃபோட்டோ போடு.

சம்மாந்துறை_காக்கா

பூனையையும் சேர்த்துப் போடுங்க.

*(ரெண்டு கிழமைக்குப் பிறகு)*

படுவான்கரை_ரிப்பேர்

ஃபேன் சோதிச்சன். முதல்ல என்ஜின் கூட்டின்ட வாய் ஓரத்தைக் கூரா விட்டுட்டன். தராசில கட்டி இழுக்க ஒரு கிலோ 600தான் வந்திச்சி. கூர் ஓரத்தில காத்துப் பிய்ஞ்சு உள்ளுக்குச் சரியாப் போகல்ல. நீல ஃபோம் வளையம் ஒண்டை உருட்டி உதடு மாதிரி ஒட்டினன், பின் வாயையும் 5.7 சென்ரிமீற்றருக்குச் சுருக்கினன். 2 கிலோ 100. ரெண்டு பக்கமும் சேர்த்து 4 கிலோ 200, பிளேன் 6 கிலோ 400. போதும்.

இப்ப கல்முனைத் தம்பிக்குச் சொன்ன கடன். அண்டைக்கு ஞாயிறு. கடையில கரண்ட் இல்ல எண்டு வீட்டு முத்தத்தில வெச்சுத்தான் சோதிச்சன். ஃபேன் முழு வேகத்தில போகக்க வாற சத்தம் உங்களுக்குத் தெரியும், விசில் மாதிரித் தொடங்கி மறுகா கிழியிற மாதிரி. நான் காதில ஹெட்ஃபோன், கண் தராசில. கொஞ்சத்தால திரும்பிப் பாத்தா முத்தத்தில விளையாடிக்கிட்டிருந்த என்ட மகனைக் காணல்ல. உள்ளுக்கு ஓடினன். அம்மா அவனைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டுச் சுவர் மூலையில குந்திக்கிட்டிரிக்கா. அவன்ட ரெண்டு காதையும் தன்ட கையால பொத்திரிக்கா. அடுப்பில கறி கருகுது. 2007 மார்ச்சில, சண்டைக்க மேல கிபிர் பறக்க, நாங்க படுவான்கரையை விட்டு வெளிக்கிட்ட நேரமும் அவ இப்பிடித்தான் குந்தினவ, அண்டைக்குத் தங்கச்சியின்ட மகள்.

ஒண்டும் பேசல்ல. எழும்பிப் போய் அடுப்பை நூத்தா.

அதுதான் தம்பி, கிபிர் வேணாம்.

கல்முனைப்பொடியன்03

அண்ணன் நான் 2003ல பிறந்தவன். உம்மா சொல்லிக் கேட்டிரிக்கன், ஆனா எனக்கு அது யூரியூப்பில வாற பிளேன். மன்னிச்சிக்கங்க.

படுவான்கரை_ரிப்பேர்

உன்னில பிழை இல்லடா. டெல்டாச் செட்டை லேசு எண்டு நீ சொன்னதும் சரிதான்.

கொண்டல்காத்து

இனி வீட்டில ஓட்டாத. வயலுக்குக் கொண்டு போ. அம்மாக்கு முதல்லயே சொல்லிற்றுச் செய்.

சம்மாந்துறை_காக்கா

5 அலகு ஃபேனை விட 12 அலகு சத்தம் கொஞ்சம் மெது, நீங்க போட்டிரிக்கிறதே அதுதான். கூட்டுக்கு உள் பக்கம் மெல்லிய ஸ்பொஞ் ஒட்டிப் பாருங்க. கிழியிற சத்தம் குறையும். நான் செய்து பாத்தது.

கொண்டல்காத்து

பறத்துற இடத்துக்கு வருவம். 6 கிலோச் சாமான் விளையாட்டுப் பொருள் இல்ல. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில கேட்டுப் பதிஞ்சு அனுமதியோட செய். 2019 ஏப்ரலுக்குப் பிறகு ட்ரோன் எல்லாத்தையும் நிப்பாட்டி வெச்சது ஞாபகம் இரிக்கும், எங்கட பக்கம் ஆகாயத்தில எது சத்தம் போட்டாலும் சனம் கேக்கும். பொலிசுக்கும் கிராம சேவகருக்கும் கடிதம் குடு. வவுணதீவுப் பக்கம் மட்டும் போகாத. மட்டக்களப்பு ரன்வே கிட்ட, 2018ல இருந்து சிவில் பிளேனும் அங்க இறங்குது.

ரொறன்ரோ_மீன்பாடி

கல்லடிக் கடற்கரை?

சம்மாந்துறை_காக்கா

கடற்கரையில வலை, தோணி, சனம். உப்புக் காத்து மோட்டருக்குள்ள போனா ரெண்டு மாசத்தில பெயாரிங் அழும். வேணாம்.

படுவான்கரை_ரிப்பேர்

வெட்டின வயல் எண்டா நெல் அடிக்கட்டையில வண்டில் சிக்கும், வைக்கோலை ஃபேன் உறிஞ்சும். கிறவல் ரோட்டில கல்லை உறிஞ்சும். என்ஜின் ரெண்டும் நிலத்துக்கு ஒரு சாண் உசரத்திலதான் நிக்கிது. வலை அடிச்சா உந்துதல் போகுது, பாத்திட்டன்.

ஊருக்குப் பின்னால சின்னக் குளம் ஒண்டு இரிக்கு. இப்ப கச்சான் காத்து அடிச்சு முழுக்க வத்திற்று. களிமண் காய்ஞ்சு சீமெந்து மாதிரிக் கிடக்கு, மாடு மேய்ஞ்சு புல்லும் கட்டை. காலையில ஏழு மணி வரைக்கும் காத்தும் இல்ல. யானைதான் யோசனை. பின்னேரம் தண்ணி தேடி வரும்.

கொண்டல்காத்து

யானைக்கு ட்ரைஸ்டார் தெரியாது. காலையில போ.

*(பத்து நாளுக்குப் பிறகு)*

படுவான்கரை_ரிப்பேர்

பறந்திற்று.

முழுசாச் சொல்றன். காலை அஞ்சரைக்கு லேண்ட்மாஸ்டர் (கை உழவு மெசின்) பெட்டியில வைக்கோல் போட்டு அதுக்கு மேல உடம்பு மூண்டு துண்டும், செட்டை பாயில சுத்தி. மண்முனையில பாலம் வர முதல் நாங்க பாதையில (மிதவையில) ஏறி ஆத்தைக் கடந்த காலத்தில இதை நினைச்சும் பாத்திருக்க மாட்டம், எண்டாலும் இண்டைக்குப் பாலம் கடக்கிற வேலையும் இல்ல, குளம் நம்மட பக்கம். போய்ப் பாத்தா புது யானை லத்தி, ஆவி பறக்குது. பொடியன்மார் ரெண்டு பேரை மரத்தில ஏத்திக் காவல் விட்டன்.

பொருத்தி முடிய ஆறேகால். பற்றரி ரெண்டும் 25.1, 25.1. ரிமோட்டைக் கையில வெச்சுக்கிட்டு நடந்து தூரம் பாத்தன், ரிமோட்டை நிப்பாட்டினா ஃபேனும் நிக்கிதா எண்டு பாத்தன். ஈர்ப்பு மையம் ரீச்சர் சொன்ன 9 சென்ரிமீற்றர், விரல் ரெண்டால தூக்க மூக்கு ஒரு மயிர் கீழ.

முதல் ஓட்டத்தில வண்டில் வலப்பக்கம் இழுத்து, பத்தையைப் பாத்துப் போயிற்று. பழைய பிள்ளை வண்டில்ட சில்லு, ஒண்டு உரசுது. எண்ணெய் விட்டு, அச்சை நிமித்தி, மறுகா ரெண்டாம் தரம். ஐம்பது மீற்றர் ஓடியிருக்கும். நான் மூக்கை இழுக்கவே இல்ல, தன்டபாட்டில வண்டிலை விட்டுட்டு எழும்பிற்று. எழும்பக்க ஒரு பயம். என்ஜின் ரெண்டும் செட்டைக்குக் கீழ தொங்கிறபடியா வேகத்தைக் கூட்டினா மூக்கு மேல போகுது. அதை முதல்ல ஆரும் சொல்லல்ல (நானும் யோசிக்கல்ல). கொஞ்சம் கீழ தள்ளிப் பிடிச்சிக்கிட்டு அரை வேகத்துக்கு எடுத்தன். நிண்டிச்சி. அவ்வளவுதான். ஒரு பக்கமும் சாயல்ல. குளத்தைச் சுத்திப் பெரிய வட்டம் நாலு. சூரியன் அப்பதான் மருத மரத்துக்கு மேல வருது, வயித்தில வெளிச்சம் பட்டு மஞ்சளாத் தெரிஞ்சிச்சி.

நாலு நிமிசத்துக்கு மணி வெச்சிருந்தன், மூண்டேகாலிலேயே கை நடுங்கத் தொடங்கிற்று, இறக்கிற்றன். வேகத்தைக் குறைச்சா மூக்குக் கீழ போகும் எண்டு இப்ப தெரியும், அதனால கொஞ்சம் கொஞ்சமா. வயித்துக்குக் கீழ மூங்கில் சறுக்கு ரெண்டு ஒட்டியிருந்தன், என்ஜினை விட 3 சென்ரிமீற்றர் கீழ. சறுக்கிக்கிட்டு வந்து கடைசியில மாட்டுக் குளம்புக் குழியில இடப்பக்க என்ஜின் அடிபட்டுக் கழண்டு போச்சு. நைலோன் ஆணி அறுந்திரிக்கு, அறுறதுக்குத்தான் நைலோன் போட்டது. ஃபோம் கீறல் கூட இல்ல. வயரை மட்டும் பிளக்குப் போடாம ஒட்டி வெச்சிருந்தன், அது பிய்ஞ்சிற்று. பத்து நிமிச வேலை.

பற்றரியில திரும்ப ஏத்தக்க 5 அம்பியர்-மணி போச்சு. இருக்கிறது 10. அப்ப ஆறு நிமிசம் தாராளமாப் பறக்கலாம்.

ரொறன்ரோ_மீன்பாடி

டேய்!!! இஞ்ச ராத்திரி ரெண்டு மணி. மனுசி எழும்பி என்ன எண்டு கேக்கிறா.

கல்முனைப்பொடியன்03

வீடியோ வீடியோ வீடியோ

சம்மாந்துறை_காக்கா

மாஷா அல்லாஹ். மீன் பெட்டி பறந்திற்று.

பௌதிகம்_ரீச்சர்

10இல் 5 போயிருக்கு எண்டா மூண்டேகால் நிமிசத்துக்குச் சராசரி 92 அம்பியர். நீங்கள் அரை வேகம் எண்டு நினைச்சது அரை வேகம் இல்ல. 80 வீதத்துக்கு மேல பற்றரியைக் குடிக்கவிடாமப் பாத்தா அஞ்சு நிமிசம்தான். ஆறு இல்ல.

படுவான்கரை_ரிப்பேர்

சரி ரீச்சர். அஞ்சு.

இன்னொரு விசயம். ரெண்டாம் நாள் பறத்த அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனன். நான் கூப்பிடல்ல, தானா வந்து லேண்ட்மாஸ்டரில ஏறிற்றா. முதல்லயே சத்தம் வரும் எண்டு சொன்னன். தூரத்தில, குளக்கட்டில, குடையைப் பிடிச்சிக்கிட்டு நிண்டா. எழும்பினோண்ண குடையைத் தாழ்த்திப் பாத்தா. இறங்கி முடிய கிட்ட வந்து, வாலைத் தடவி, ஓட்டைக்குள்ள விரலை விட்டா. விரல் கறுப்புப் பூச்சில முட்டிற்று.

"இது ஓடல்ல என்னடா?"

இல்லம்மா, அது சும்மா எண்டன்.

"எனக்குக் கடைசிச் சீற்றுத்தான் தந்தவனுகள். சவூதி வரைக்கும் இதுட சத்தத்தில ஒரு கண் நித்திரை இல்ல. மத்த ரெண்டும் கேக்கவே இல்ல."

அவ்வளவுதான் சொன்னா. மறுகா வீட்ட போற வழி முழுக்க வேற கதை.

50 மில்லிமீற்றர் ஃபேன் ஆரிட்டயும் இரிக்கா?

கொண்டல்காத்து

தம்பி, நான் முதல் நாளே சொன்னது. வளைவில காத்துச் சாகும். ஃபேனும் ஈஎஸ்சியும் சேர்த்து 140 கிராம் வாலில ஏறினா, மூக்கில ஈயம் கட்டுவியா?

படுவான்கரை_ரிப்பேர்

உந்துதல் வேணாம் அண்ணன். சத்தம் வந்தாக் காணும்.

கல்முனைப்பொடியன்03

அண்ணன் என்னிட்ட 50 ஒண்டு கிடக்கு, 3எஸ் மோட்டர். கிபிருக்கு வாங்கி வெச்சிருந்தது இல்ல, வேற ஒண்டுக்கு. காசு வேணாம். சனிக்கிழமை களுவாஞ்சிகுடிக்குக் கொண்டு வாறன்.

சம்மாந்துறை_காக்கா

3எஸ் மோட்டரை 6எஸ்ல மாட்டிராதீங்க. சின்ன 3எஸ் பற்றரி ஒண்டைத் தனியா மூக்கில வைங்க. அதுவே பதில் பாரமாப் போயிரும்.

பௌதிகம்_ரீச்சர்

சின்னப் பற்றரி கிடைக்கல்ல எண்டாலும் பறவாயில்ல. வோல்ட் குறைக்கிற பலகை ஒண்டு உங்கட கடையிலயே கிடக்கும். 140 கிராம், ஈர்ப்பு மையத்திலிருந்து 1.1 மீற்றர் பின்னால. உங்கட பெரிய பற்றரி ரெண்டும் சேர்த்து 1500 கிராம். 140ஐ 1.1ஆல பெருக்கி 1500ஆல பிரிச்சா 0.103 மீற்றர். பற்றரியை 10 சென்ரிமீற்றர் முன்னுக்குத் தள்ளினாச் சரி, ஈயம் தேவையில்ல. மூக்குக்குள்ள அவ்வளவு இடம் இருக்கா?

படுவான்கரை_ரிப்பேர்

ராத்திரியே அளந்திட்டன் ரீச்சர். 14 இரிக்கு.